செருப்புக்குக் காவல்

முதல் மூன்று கிழமையும் நான் இறங்கவில்லை.
உப்புவெளி மணலில், கவிழ்த்த வள்ளத்தின் நிழலில்
பதினோரு சோடிச் செருப்புக்குக் காவல் இருந்தேன்.
இரத்தினேஸ்வரியைக் கொண்டுவந்து விடுவது மட்டும்தான் என் வேலை.
மாசியில் குளியலறையில் சறுக்கி விழுந்தவள்;
அதன் பிறகு வீட்டுச் சுவரெல்லாம்
அவள் உள்ளங்கை உயரத்தில் அழுக்கேறிக் கிடந்தது.

ஆறரை மணிக் கடல்
கோப்பையில் ஆறவைத்த தேத்தண்ணியைப் போல அசையாமல்.
ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி பார்க்கும் கோசலை மிஸ்
இடுப்பளவு நீரில் நின்று எண்ணுவாள்:
ஒண்டு, தெக, மூண்டு, ஹதர.
சோமாவதிக்கு இரண்டும் நாலும், எங்களுக்கு ஒன்றும் மூன்றும்.
ஐந்தில் எல்லோரும் பிழைவிடுவார்கள்,
பிழைவிட்டுச் சிரிப்பார்கள்,
அந்தச் சிரிப்பில் பத்துவரை எண்ணாமலே போய்விடும்.

ஜமாலியாவிலிருந்து மஸீனா உம்மா
கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு நீச்சல் உடுப்பில் வருவார்;
மருமகள் கொழும்பில் வாங்கி அனுப்பியதாம்.
"இதுக்குள்ள நான் பெரிய சுறா" என்று அவரே பகிடி விடுவார்.
அலோசியஸ் நாற்பது வருடம் கடற்தொழில்.
"வேலைக்கு வந்திருக்கிறன், சும்மா வந்ததில்லை" என்று சொல்லி
முதல்நாள் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

நாலாம் கிழமை ஒரு நாய்
சோமாவதியின் இடது செருப்பைக் கவ்விக்கொண்டு நீருக்குள் ஓடியது.
துரத்தினேன்.
முழங்கால், தொடை, இடுப்பு.
நின்றபோது நெஞ்சு மட்டும் தண்ணீர்.
நாய் நீந்திக் கரையேறிவிட்டது.
நான் திரும்பவில்லை.

என் தொழிலைச் சொல்லவேண்டும்: மா ஆலையில் எடைமேடைக் கிளாக்கர்.
இருபத்தெட்டு வருடம்
லொறியை வெறுமையாக ஒருக்கா, நிறையோடு ஒருக்கா நிறுத்துப் பார்த்து
கழித்து, துண்டு எழுதிக் கொடுத்தவன்.
ஒரு கிலோவைக்கூடக் காணாமல் போக விட்டதில்லை.
தரையில் நான் எழுபத்தொன்று.
நெஞ்சளவு நீரில் இருபத்தைந்து வந்தால் பெரிது என்கிறாள் கோசலை மிஸ்.
மிச்ச நாற்பத்தாறையும் ஏற்றிக்கொண்டது யார்?
கையொப்பம் இல்லை, துண்டு இல்லை,
இறக்கும் இடத்தில் ஒருவரும் காத்திருக்கவில்லை.
வலது முழங்கால், இரண்டு படிக்கு மேல் மறுக்கிற முழங்கால்,
அன்றைக்குக் குதித்தது.
குதித்தது என்றுதான் எழுதுகிறேன்.

வெறும் போத்தல்கள்தான் எங்கள் கருவி.
மூடி இறுக்கி, கைக்கொன்றாய் நீருக்குள் அமுக்கவேண்டும்.
வெறும் போத்தல் இவ்வளவு பாரமென்று
எந்த மேடையும் எனக்குக் காட்டியதில்லை.
தோள் எரியும். பக்கத்தில் அலோசியஸ் மூச்சு வாங்குவார்.
விட்டுவிடலாம் என்று நினைக்கும்போது
மஸீனா உம்மா இன்னும் விடவில்லை என்பது கண்ணில் படும்.
தனியே என்றால் இரண்டாம் நாளே போர்த்துப் படுத்திருப்பேன்.
வராத ஆளுக்கு ஏழு மணிக்குள் ஐந்து அழைப்புப் போகும்;
செத்தாலும் அறிவித்துவிட்டுத்தான் சாகவேண்டும்,
இது அலோசியஸின் சட்டம்.

எல்லாம் சுகமாகிவிடவில்லை.
இரத்தத்தில் சீனி இருந்த இடத்தில்தான் இருக்கிறது.
படியில் முழங்கால் இன்னும் முறைப்பாடு வைக்கிறது.
ஐப்பசி பிறந்து வாடை திரும்பினால்
கடல் எங்களை வெளியே தள்ளிக் கதவடைக்கும்;
பங்குனி வரை கூட்டுறவுச் சங்க மண்டபத்தில்
பிளாஸ்டிக் கதிரையைப் பிடித்துக் கால் தூக்குவோம்,
ஒவ்வொரு காலும் தன் முழு எடையோடு.

ஆனால் நேற்று நடந்ததை எழுதிவைக்கவேண்டும்.
வகுப்பு முடிந்து ஈரத்தோடு கரைக்கு வந்தோம்.
வழக்கம்போல் என் தோளைக் கொண்டுபோய்
அவள் பக்கத்தில் நிறுத்தினேன்.
இரத்தினேஸ்வரி
சோமாவதியோடு கத்தரிக்காய் விலை கதைத்துக்கொண்டே
ஒற்றைக்காலில் நின்று
மற்றக் காலின் மணலைத் தட்டிச் செருப்பை மாட்டினாள்.
பிறகு கால் மாறினாள்.
என் தோள் அங்கேயே நின்றது,
ஏற்ற ஒன்றும் இல்லாமல்.